மீண்டும் இயங்க மறுக்கும் கணிப்பொறிச் சேவை

அரசு அலுவலகம் ஒன்றின் கவுண்ட்டர் முன் சான்றிதழ் பெற வந்தோர் வரிசையில் நிற்கின்றனர். உள்ளே, கணிப்பொறியில் இயங்கும் சேவை ஒன்று நின்றுவிட்டது. பொறுப்பாளர் மறுதொடக்க ஆணையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கிறார், பயனில்லை. வேலையை விட்டு வந்த கூலித் தொழிலாளிக்கு இத்தாமதம் ஒரு நாள் ஊதிய இழப்பாகும். எனவே இது வல்லுநர்களுக்கு மட்டுமே உரிய பிரச்சினையன்று.

மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கை, அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருள்களுக்கு முன்னுரிமை அளித்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க முறைமையும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. இன்று பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் சேவைகளைத் தொடங்குவதும், நிறுத்துவதும், கண்காணிப்பதும் 2010-இல் அறிமுகமான ‘சிஸ்டம்-டி’ நிரலின் பொறுப்பாகும்.

பழைய பிழை, புதிய விளைவு

மறுதொடக்கம் என்பது நிறுத்துதல், தொடங்குதல் என்னும் இரு செயல்களாகும். பொதுவாக ஒரு சேவை, தான் தொடங்கியபோது படித்த அமைப்புக் கோப்பின்படியே தொடர்ந்து பணியாற்றுகிறது. பத்து நாட்களுக்கு முன் எவரேனும் அக்கோப்பைத் திருத்துகையில் ஓர் அரைப்புள்ளியைத் தவறவிட்டிருந்தாலும் பணி தடைப்படுவதில்லை. மறுதொடக்கத்தின்போதுதான் பிழை வெளிப்படுகிறது. ஆகவே, ‘இன்று எதையும் மாற்றவில்லையே’ என்று கூறுவதால் பயனில்லை.

ஆராயும் முறை

முதற்கண், ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்னும் ஆணையால் சேவையின் நிலையையும், பதிவேட்டின் கடைசிச் சில வரிகளையும் அறியலாம். முழு விவரத்தை ‘ஜர்னல்சிடிஎல்’ ஆணை அளிக்கும். கடைசி வரியைக் காட்டிலும், பிழை முதலில் தோன்றிய வரியே காரணத்தைச் சுட்டுவதாகும்.

பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் நான்கு. ஒன்று, அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை. இரண்டு, சேவைக்குரிய போர்ட்டை முன்னரே வேறொரு நிரல் பற்றியிருத்தல். மூன்று, கோப்பைப் படிக்கவோ எழுதவோ உரிய அனுமதியின்மை. நான்கு, வட்டில் இடம் தீர்ந்துபோதல். ஒவ்வொன்றும் பதிவேட்டில் தன் அடையாளத்தை விட்டுச் செல்வது வழக்கம். சேவையின் யூனிட் கோப்பையே திருத்தியிருந்தால், ‘டீமன்-ரீலோட்’ ஆணையின் வாயிலாக அதனைச் சிஸ்டம்-டிக்கு அறிவித்தல் வேண்டும்.

பதற்றத்தில் ஆணையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பதால் தீங்கும் உண்டு. பொதுவான அமைப்பின்படி, 10 வினாடிகளுக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்-டி அதற்கு இடமளிப்பதில்லை. அப்போது மூலக் காரணத்துடன் இத்தடையும் சேர்ந்து குழப்பத்தை வளர்க்கிறது. ‘ரீசெட்-ஃபெயில்ட்’ ஆணை இத்தடையை நீக்கும். மூலக் காரணத்தை நீக்காது.

முன்னெச்சரிக்கை

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சேவைகளில், இயங்கும் பணியை நிறுத்தாமலே அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் ஆணை உண்டு. கோப்பைத் திருத்துமுன் அதன் நகலைக் காத்தலும், திருத்தியவுடன் சோதித்தலும், மக்கள் வருகை இல்லாத நேரத்தில் மறுதொடக்கம் செய்தலும் ஒவ்வோர் அலுவலகத்திலும் நடைமுறையாதல் வேண்டும். இச்சோதனைக்குச் செலவாவது சில வினாடிகளே. அதனைத் தவிர்ப்பதால் நேரும் இழப்பையோ, வரிசையில் நிற்கும் மக்களே ஏற்க நேருகிறது. அவ்விழப்பு எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை.