ஒரே சொல்லாகச் சொல்லுங்கள்!

நாய்க்குட்டி வந்த வீட்டில் முதல் வாரமே இது நடக்கும். அப்பா ‘சிட்’ என்பார், அம்மா ‘உட்காரு’ என்பார், பிள்ளைகள் ‘உக்காருடா செல்லம்’ என்று கொஞ்சுவார்கள். குட்டி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாலை ஆட்டும். பாவம், அதற்கு இவை மூன்றும் வேறு வேறு ஓசைகள். தமிழோ ஆங்கிலமோ, வீடு முழுக்க ஒரே சொல்லாக இருக்கட்டும்.

உட்காரப் பழக்க, இடுப்பைப் பிடித்து அமுக்க வேண்டாம். வேகவைத்த கோழிக்கறியில் கடலை அளவு துண்டை அதன் மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். மூக்கு மேலே போகப் போக, பின்பகுதி தானாகத் தரையில் படும். பட்ட அந்த நொடியே கொடுத்துவிடுங்கள். பிரிட்ஜைத் திறந்து தேடி எடுத்து வருவதற்குள் அது எழுந்துவிட்டால், எழுந்ததற்குத்தான் பரிசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். கையசைவு பழகிய பிறகு சொல்லைச் சேருங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும்.

‘வா’ என்ற சொல்லை மட்டும் வீணாக்காதீர்கள். கூப்பிட்டு, வந்ததும் திட்டினால், அடுத்த முறை தெருமுனையிலேயே நின்று நம்மை வேடிக்கை பார்க்கும்.

பொறுமையாகப் பழக்கினால் நாய் எவ்வளவோ சொற்களைக் கற்கும்: அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றது. கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி. அதற்கு அவர் 3 ஆண்டுகள், நாள்தோறும் மணிக்கணக்கில் அதனோடு உட்கார்ந்திருந்தார்.