பழைய கருவிக்குப் புது முகவரி

எங்கள் வீட்டுப் பரணில் நாலு வருடமாக ஒரு ஸ்கேனர் கிடந்தது. அப்பாவின் நிலப் பத்திரங்களைப் படியெடுத்து வைக்க வாங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனால், மடிக்கணினியை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிய நாளிலிருந்து அது வேலை செய்யவில்லை. பச்சை விளக்கு எரியும். ஸ்கேன் செய்யப் போனால், கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்று கணினி சொல்லும். தயாரித்த நிறுவனம் அந்த மாடலை எப்போதோ கைகழுவிவிட்டது.

அங்கே இல்லாமல் போனது ஒரு டிரைவர். கணினிக்கும் கருவிக்கும் நடுவே நின்று ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியவைக்கும் நிரல் அது. யூ.எஸ்.பி. கேபிளைச் செருகியதும் கருவி இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரிப்பாளர் எண், பொருள் எண். அந்த எண்களுக்கு உரிய டிரைவரைக் கணினி தேடி எடுக்கும். பிறகு அந்த டிரைவர், கருவியின் சிப்பில் உள்ள ரெஜிஸ்டர்களில் குறிப்பிட்ட மதிப்புகளை எழுதும். ஒன்றை எழுதினால் விளக்கு எரியும், இன்னொன்றை எழுதினால் மோட்டார் நகரும். எந்த ரெஜிஸ்டரில் எதை எழுத வேண்டும் என்ற விவரத்தைப் பல நிறுவனங்கள் வெளியே விடுவதில்லை.

அந்த விவரத்தைத் தன்னார்வலர்கள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். நிறுவனம் கொடுத்த விண்டோஸ் டிரைவரை ஓடவிட்டு, கேபிள் வழியே போய்வரும் ஒவ்வொரு பைட்டையும் பதிவு செய்வார்கள். ஒரே பக்கத்தை 150 டி.பி.ஐ.யில் ஒரு தடவை, 300 டி.பி.ஐ.யில் ஒரு தடவை ஸ்கேன் செய்வார்கள். இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாறியிருக்கும் சில பைட்டுகள் தனியே தெரியும். துல்லியத்தைத் தீர்மானிக்கும் இடம் அங்கேதான் எங்கோ இருக்கிறது. அடுத்து, தாங்கள் எழுதிய நிரலிலிருந்து அதே பைட்டுகளை அனுப்பிப் பார்ப்பார்கள். கணக்கு தப்பினால் ஸ்கேனரின் தலைப்பகுதி விளிம்பில் போய் முட்டி, கடகடவென்று சத்தம் போடும். உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அந்தச் சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில்தான் விழும். கருவி ஓர் ஊரிலும் எழுதுபவர் வேறு ஊரிலும் இருந்தால், ஒரு மாலையில் முடிகிற சோதனை மாதக்கணக்கில் இழுக்கும்.

லினக்ஸ் பிறந்த அன்றே இந்தச் சிக்கலும் வெளிப்பட்டுவிட்டது. 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் முயற்சியை அறிவித்தார். ஏ.டி. வகை ஹார்ட் டிஸ்க் தவிர வேறெதையும் இது அநேகமாக ஆதரிக்கப்போவதில்லை, ஏனென்றால் தன்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று அந்த அறிவிப்பிலேயே வருத்தத்தோடு எழுதியிருந்தார். கையில் இருக்கும் கருவியைத் தாண்டி நிரல் வளராது என்பதை இதைவிட நேராகச் சொல்லிவிட முடியாது.

மூன்று ஆண்டுகளில் அந்த எல்லையை ஒரு பெட்டி உடைத்தது. டெக் கணினி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹால், 1994இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த கூட்டம் ஒன்றில் லினஸைச் சந்தித்தார். தன் நிறுவனத்தின் 64-பிட் ஆல்ஃபா கணினி ஒன்று லினஸுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். அதுவரை முதன்மையாக இன்டெல் 386 வகைச் சிப்புகளையே நம்பியிருந்த லினக்ஸ், வேறு சிப்புகளிலும் ஓடும்படி திருத்தி எழுதப்பட்டது. 1995 மார்ச்சில் வெளிவந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபாவும் இடம்பெற்றது. இன்று கைப்பேசி முதல் சூப்பர் கம்ப்யூட்டர் வரை லினக்ஸ் ஓடுகிறதென்றால், அந்தப் பயணத்தில் அந்த ஒரு கணினிக்கும் பங்கு உண்டு.

கருவியையே அனுப்பினால்தான் உதவி என்றும் இல்லை. 2010 நவம்பர் 4 அன்று மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமரா அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்குத் திறந்த மூல டிரைவர் எழுதுபவருக்குப் பரிசு தருவதாக ஆடாஃப்ரூட் என்ற மின்னணு நிறுவனம் அறிவித்தது. 1,000 டாலரில் தொடங்கிய தொகை 3,000 வரை உயர்ந்தது. அதோடு நிற்காமல், கினெக்ட் கேபிளில் ஓடும் தரவைத் தாங்களே பதிவு செய்து எல்லோருக்கும் வெளியிட்டார்கள். நவம்பர் 10 அன்று ஐரோப்பாவில் கினெக்ட் கிடைத்த சில மணி நேரத்தில், ஸ்பெயினின் ஹெக்டர் மார்ட்டின் டிரைவரை எழுதி முடித்தார். கினெக்டை இணைத்து விளையாடும் எக்ஸ்பாக்ஸ்கூட அவரிடம் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் செய்துவைத்த பதிவு அவருக்குக் கைகொடுத்தது.

கருவி ஒன்று, பயன் பலருக்கு. அது எப்படி? கடையில் நூறு பிராண்டுகள் இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப் வகைகள் சிலவே. பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் ஸார்டு தொடங்கிய ஜி.எஸ்.பி.சி.ஏ. என்ற ஒரே டிரைவர், 2007 வாக்கிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட வெப்கேம் மாடல்களை இயக்கியது. அடுத்த ஆண்டு அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. இதன் மறுபக்கமும் உண்டு: ஒரே பெயரில் விற்கும் பொருளுக்குள், அடுத்த பதிப்பில் வேறு சிப் இருக்கலாம். அதனால்தான் பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட அந்த இரண்டு எண்கள் முக்கியம்.

டிரைவர் எழுதுபவர்களுக்குத் தங்கள் கருவியைக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, லினக்ஸ் டெர்மினலில் 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' (lsusb) கட்டளையை இட்டு அந்த எண்களைக் குறித்துக்கொள்வது. அந்தக் கருவி ஏற்கெனவே இயங்குகிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அந்த வகை டிரைவர்களை எழுதும் குழுவிடம் தேவையா என்று கேளுங்கள். கேட்காமல் அனுப்பினால் அவர்கள் வீட்டுப் பரணில் ஏறிவிடும். அடாப்டர், கேபிள், கூட வந்த குறுந்தகடு எதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு இருந்தால் இரண்டையும் கொடுங்கள். ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம், பழுதானதுகூட அதற்குப் போதும். ரவுட்டர் போன்றவற்றில் கடவுச்சொற்களை அழித்துவிடுங்கள். வெளிநாடு என்றால் சுங்க வரியை யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள். பெறுபவர் தலையில் அது விழக் கூடாது. தேதி கேட்டு நெருக்காதீர்கள். அவர்கள் தருவது வேலை முடிந்து வந்த பிறகான மாலைகளை.

எங்கள் ஸ்கேனரையும் இப்படித்தான் விசாரித்துவிட்டு அனுப்பினேன். அடாப்டரில் மாடல் பெயரை எழுதி ஒட்டினேன். முழுப் பக்கம் இன்னும் வரவில்லை. அதைப் பெற்றுக்கொண்டவர் போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தார்: ஸ்கேனரின் உள்ளே இருக்கும் விளக்கு எரிந்ததாம்.