ஏரிக்குப் போகும் முன்பே பிடிக்க வேண்டிய வாயு

கோடையில் தண்ணீர் இறங்கியதும் சென்னைக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் கரையோரச் சேற்றைக் கம்பால் கிளறினால் குமிழ்கள் கிளம்பும். காற்றுப் புகாத சேற்றில் இலைதழையும் கழிவும் மட்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் அது. சாண எரிவாயுக் கலனில் உண்டாகி அடுப்பெரிப்பதும் இதே வாயுதான். வானில் கலந்தாலோ, 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

வெப்பமண்டல அணைகளில் தேங்கும் இந்த வாயுவை இழுத்து மின்சாரமாக்கலாம் என்று பிரேசில் ஆய்வாளர் இவான் லிமாவும் குழுவினரும் 2008-இல் எழுதினார்கள். ஆழமான நீர்த்தேக்கத்தில் வெயிலில் சூடான நீர் மேலே நிற்கும், குளிர்ந்த நீர் அடியில் தங்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோக, மீத்தேன் அழுத்தத்தில் கரைந்தே கிடக்கிறது. அந்த நீரைக் குழாயில் மேலே கொண்டுவந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு பிரிந்துவிடும். பிரெஞ்சு கயானாவின் பெட்டி சோ அணையில் சுழலிகள் வழியே வெளியேறும் ஆழ்நீரிலிருந்து மீத்தேன் வீணாகக் காற்றில் கலக்கிறது. ருவாண்டாவிலோ, இயற்கையாகவே மீத்தேன் சேர்ந்துள்ள கிவு ஏரியிலிருந்து அதைப் பிரித்து, ஒரு நிலையத்தில் 2016 முதல் சுமார் 26 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள்.

கிவுவின் ஆழம் 480 மீட்டருக்கு மேல். நிரம்பி வழியும் நாளிலும் செம்பரம்பாக்கத்தின் மட்டம் 24 அடிதான். இந்தக் குறைந்த ஆழத்து நீரைக் காற்றே கலக்கிவிடும். கரைந்த வாயு சேர்ந்திருக்க இடமில்லை. 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கமும் அகலமானது, ஆழம் குறைந்தது. இங்கே குழாய் இறக்கிப் பயனில்லை.

ஆனால் ஏரிக்குள் போகும் தீனியைத் தடுக்கலாம். கழிவுநீர் கலந்தால் பாசி பெருகும், செத்து அடியில் படியும், மீத்தேனும் கூடும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் கேட்டது சுத்தமான தண்ணீர். அது கிடைத்தால் வானத்துக்கும் லாபம்.

அதே கழிவு, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் எரிபொருள். கோயம்பேட்டில் சென்னைக் குடிநீர் வாரியம் 2000-களின் நடுவிலேயே இதைத் தொடங்கிவிட்டது. கழிவுநீரிலிருந்து பிரியும் கசடை மூடிய செரிப்புக் கலனில் புளிக்க வைத்து, வரும் வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கி, எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரத்தில் நிலையத்தின் பம்புகளும் காற்றூதிகளும் ஓடுகின்றன. நாறும் கசடுக்கு இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது.

ஆவடி, பூந்தமல்லி போல வேகமாக வளரும் ஊர்களில் இத்தகைய கலனுக்கான இடத்தைத் திட்ட வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும். சிறிய நிலையத்தின் கசடு எஞ்சின் ஓட்டப் போதாது என்பது உண்மை. ஆனால் பக்கத்து ஊர்களின் கசடையெல்லாம் லாரியில் கொண்டுவந்து ஒரே கலனில் செரிக்கவைத்தால் அந்தக் குறை தீரும்.