எந்தப் பிராண்டு வேகமாக ஓட வைக்கும்?

பள்ளிக் குறுக்கோட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. நான்காம் படிவ மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்துக்கு வந்து கைப்பேசியில் இரண்டு காலணிகளைக் காட்டினான். இரண்டும் வெவ்வேறு பிராண்டு. ஒவ்வொன்றின் விலையும் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது.

"சார், இதுல எது நல்லது? அப்பா ஓ.டி. பார்த்து வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார்."

வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த 'ஓ.டி.' என்ற சொல் உறுத்தியது. இரண்டு நாள் பொறு என்றேன்.

மாணவர்களே, இரண்டு காலணிகளை ஒப்பிடுவது சுலபமான வேலை இல்லை. எடை வேறு, நுரை வேறு, உயரம் வேறு. போட்டு ஓடுபவரும் வேறு என்றால் கேட்கவே வேண்டாம். தொடக்கப்பள்ளியில் மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று படித்தது நினைவிருக்கிறதா? காலணி ஆய்வில் அதுதான் பாதி வேலை.

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 திறமையான ஓட்டக்காரர்கள் மூன்று வகைக் காலணிகளை மாற்றி மாற்றி அணிந்து டிரெட்மில்லில் ஓடினார்கள். ஒன்று அடிடாஸின் அடியோஸ் பூஸ்ட். மற்ற இரண்டும் நைக்கியுடையவை: பழைய ஸ்டிரீக், பின்னர் வேப்பர்ஃபிளை என்ற பெயரில் விற்பனைக்கு வந்த புது மாதிரி. எடை குறைந்த காலணிகளில் ஈயக் குண்டுகளைச் சேர்த்து எல்லாவற்றின் எடையையும் சமமாக்கினார்கள். வேகமும் சமம்: மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர். ஓடுபவர் உள்வாங்கும் உயிர்வளியையும் வெளிவிடும் கரிவளியையும் அளந்து, உடல் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

புது மாதிரியில் ஓடியபோது மற்ற இரண்டையும்விடச் சராசரியாக 4 விழுக்காடு குறைவான சக்தியே செலவானது. 18 பேருக்கும் பலன் கிடைத்தது.

ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டுரையை எழுதியவர்களில் சிலர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. மற்ற ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய 3 முதல் 4 விழுக்காடு வந்தது. ஆனாலும் யார் செலவில் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

சரி, காரணம் என்ன? நுரை. காலை ஊன்றும்போது காலணியின் அடியிலுள்ள நுரை அமுங்கிச் சக்தியைச் சேமிக்கிறது. காலை எடுக்கும்போது அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. மிச்சம் வெப்பமாகிப் போகிறது. கொலராடோ ஆய்வில் இயந்திரத்தால் அழுத்திப் பார்த்தபோது ஸ்டிரீக் சுமார் 66 விழுக்காட்டையும் அடியோஸ் பூஸ்ட் 76 விழுக்காட்டையும் திருப்பித் தந்தன. புது மாதிரி 87 விழுக்காடு தந்தது.

விழுக்காட்டை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். புது மாதிரியின் நுரை மென்மையானது, தடிமனும் அதிகம். மற்றவை 6 மில்லிமீட்டர் அமுங்கிய இடத்தில் இது கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் அமுங்கியது. நிறைய அமுங்கினால் நிறையச் சேமிக்கலாம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மற்ற இரண்டும் சுமார் மூன்றரை ஜூல் திருப்பித் தர, இது ஏழரை ஜூல் தந்தது. ஜூல் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேல்!

விளம்பரங்களில் நுரையைவிடக் கார்பன் தகட்டுக்குத்தான் மவுசு. ஆய்வாளர்கள் வேப்பர்ஃபிளையின் தகட்டை முன்பாதப் பகுதியில் ஆறு இடங்களில் அறுத்துவிட்டு, ஓட்டக்காரர்களை மீண்டும் ஓடவிட்டார்கள். வித்தியாசம் அரை விழுக்காடு அளவில்தான் இருந்தது. ஆய்வின் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும் அளவு அது.

பிராண்டுகளுக்கு வருவோம். டெக்சஸில் நடந்த ஓர் ஆய்வில் தகடு வைத்த ஏழு போட்டிக் காலணிகளை, தகடில்லாத ஒரு சாதாரணப் போட்டிக் காலணியோடு ஒப்பிட்டார்கள். 12 பேர், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம். நைக்கியின் இரண்டும் ஆசிக்ஸின் ஒன்றும் முன்னணியில் வந்தன. அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வேறு இரண்டு பிராண்டுகளின் காலணிகள் அதில் பாதி அளவே பலன் தந்தன. மீதி இரண்டும் சாதாரணக் காலணிக்கு மேல் எதையும் தரவில்லை. ஏழிலும் தகடு இருந்தது என்பதை மறக்காதீர்கள். அந்த ஆய்வு 2022இல் வெளியானது. இப்போது கடையில் இருப்பவை பெரும்பாலும் வேறு மாடல்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.

அந்த மாணவனுக்கு நான் காட்டியது வேறொரு கணக்கு. நம் குறுக்கோட்டத்தில் 5 கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் முடித்தால் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வேப்பர்ஃபிளை வரிசைக் காலணி தந்த சராசரிச் சேமிப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. சிலருக்குச் செலவு கூடவும் செய்தது.

அவன் முகம் சுருங்கியது. "அப்ப நம்ம ஷூவை நாமளே சோதிக்க முடியாதா சார்?"

முடியும். இரும்புக் குண்டு ஒன்றை 1 மீட்டர் உயரத்திலிருந்து காலணியின் உட்பக்கக் குதிகாலில் விழவிட்டு, அது எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். 40 சென்டிமீட்டர் எழும்பினால் 40 விழுக்காடு திரும்பியது என்று பொருள். உள்மெத்தையைக் கழற்றிவிடுவது முக்கியம். நாங்கள் முதல் நாள் அதை மறந்து அரை மணி நேரத்தை வீணாக்கினோம். ஒன்றைக் கவனியுங்கள்: சின்னக் குண்டு, 60 கிலோ ஆளைப்போல நுரையை அமுக்காது. அதனால் இதை வைத்துப் பிராண்டுகளுக்கு முதல் பரிசு கொடுக்க முடியாது. ஒரே மாடலின் பழைய ஜோடியையும் புது ஜோடியையும் ஒப்பிட இது போதும்.

அவன் தன் அப்பாவோடு கடைக்குப் போய் நான்கைந்து ஜோடிகளைப் போட்டு ஓடிப் பார்த்தான். விரல் இடிக்காத, குதிகால் நழுவாத ஒன்றை 200 ரிங்கிட்டுக்குள் வாங்கினான். போட்டியில் பதினோராவதாக வந்தான். போன வாரம் பார்த்தபோது அந்தக் காலணியும் அவனுக்குச் சிறியதாகிவிட்டிருந்தது.