பெரட்டு மணி நிற்பதில்லை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் குடும்பத் தலைவர் இறந்துவிட்டால் ஆள் மட்டும் போனதில்லை. ஒரு சம்பளம் போகும். வீட்டுக்கும் கெடு விழும். ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் லயத்து வீடு வேலைக்குக் கிடைத்த வீடு. அதில் குடியிருக்க, குடும்பத்தில் யாராவது ஒருவர் பெயர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் இருந்தாக வேண்டியிருந்தது. அதனால் துணையை இழந்தவள் அழுது முடிப்பதற்குள் ஒரு கேள்வி வாசலில் வந்து நிற்கும்: நாளைக்குப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, யார் போவது?

துணையின் மறைவுக்குப் பிறகு அன்றாட வாழ்க்கையை மறுபடி எப்படிக் கட்டுவது என்பதை இன்று மனம் சார்ந்த விஷயமாகவே பேசுகிறோம். தோட்டத்துப் பெண்களின் அனுபவம் வேறு மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது: கையில் ஒரு வேலை, பையில் சில காகிதங்கள், கதவைத் தட்ட நான்கு அக்கம்பக்கத்தார். மூன்றும் ஒரே காலத்தில் கிடைத்தவர்கள் குறைவு.

கத்தி இருந்தவரை

பால்மரம் வெட்டும் வேலை இருட்டில் தொடங்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முதல் நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பட்டையை மெல்லிசாகச் சாய்வாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கண்காணிக்கும் தண்டல் சத்தம் போடுவார். மேலோட்டமாகப் போனால் பால் வராது. சீவி முடித்ததும் மங்கு என்ற பால் கிண்ணத்தைத் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். வெயில் ஏறிய பிறகு அதே நிரையில் திரும்பி நடந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டா என்ற காவுதடியில் மாட்டித் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதைப் பல குடும்பங்களில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் செய்தார்கள். அவர் முடித்துவிட்டு வந்து இவள் நிரைக்குக் கை கொடுப்பார். பால் தூக்குவதும் பெரும்பாலும் அவர் தோள்தான். அவர் போன பிறகு அவள் உணரும் முதல் வெற்றிடம் கட்டிலில் இல்லை, காண்டாவில். இரண்டு வாளியும் இனி அவள் தோளுக்கு.

ஆனாலும் ரப்பர் அவளுக்கு ஓர் ஆதாரத்தை வைத்திருந்தது. வெட்டுக்காரர் என்று அவள் பெயரே செக்ரோலில் இருந்தது. சம்பளம் அவள் கைக்கு வந்தது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வழி இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் கணவனின் அண்ணன் தம்பிகளை அண்டி நிற்க வேண்டிய பெண், தோட்டத்தில் தன் கத்தியை நம்பி நிற்க முடிந்தது.

மறுமணத்திலும் தோட்டம் ஊரைவிடச் சற்று இளகியே இருந்தது. காரணம் எளிது. 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் 1,000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லை. சீர்திருத்தப் பேச்சும் சேர்ந்துகொண்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு விதவை மறுமணத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். பொட்டும் பூவும் யாருக்கு என்ற சண்டை லயங்களிலும் நடந்தது.

திதி கொடுக்க நாள் தெரியாதவர்கள்

தோட்டப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் துணையை இழந்தது சப்பான்காரன் காலத்தில். 1942-இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததும் ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டங்களில் வேலை நின்றது. அந்த நேரத்தில்தான் தாய்லாந்தின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்து ஆட்கள் பின்வாங்கியதும், வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றினார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இதற்குத் தப்பவில்லை.

1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்து பாதை முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000-க்கு மேல் என்கிறது போருக்குப் பின் தொகுத்த கணக்கு. அது குறைவு என்கிறார்கள் பல ஆய்வாளர்கள். பெரும்பாலோர் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தோட்டத்து ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியலே முழுதாக இல்லை.

இங்கே காத்திருந்த மனைவிக்கு உடல் வரவில்லை, கடிதம் வரவில்லை, இறந்த தேதியும் வரவில்லை. எந்த நாளில் தாலியைக் கழற்றுவது? எந்தத் திதியில் படையல் போடுவது? நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை உண்டு என்று பெரியவர்கள் சொல்லலாம். ஆனால் செத்ததே நிச்சயமில்லாதவருக்கு எப்படிப் படைப்பது? 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, இப்படி முடிவு தெரியாத இழப்பில்தான் துக்கம் உறைந்துபோகிறது என்று எழுதினார். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே தோட்டத்து லயங்கள் அதில் கிடந்தன.

அந்தப் பெண்கள் காத்திருந்துகொண்டே மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். கிழிந்த சேலைக்குப் பதில் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். ஆண்பிள்ளை இல்லாத நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்துச் சமாளித்தன. சிலர் பிள்ளைகளுக்காக இன்னொருவரோடு வாழத் துணிந்தார்கள். போர் முடிந்து முதல் கணவர் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்ற வீடுகளும் உண்டு. அந்தச் சிக்கலைப் பஞ்சாயத்துதான் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

நட்ட ஈடு? போர்க்காலக் கொடுமைகளுக்காக 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பில் இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. கணவனைப் பறிகொடுத்தவள் கைக்கு அதில் ஒரு காசும் வரவில்லை.

கல்யாணம் நடந்தது, காகிதம் இல்லை

காகிதங்களின் காலம் போருக்குப் பிறகு வந்தது. 1946-இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அதில் பொறுப்பேற்ற பி. பி. நாராயணன், 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். 1951-இல் ஊழியர் சேமநிதி, 1952-இல் விபத்து நட்ட ஈட்டுச் சட்டம், 1969-இல் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சட்டம். கணவன் செத்தால் துரை மனமிரங்கிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு நகர்ந்த நிலை மாறி, கேட்டு வாங்கும் உரிமை என்று ஒன்று வந்தது.

இன்று சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளி வேலையிடத்து விபத்தில் இறந்தாலும், தகுதிக்கு வேண்டிய மாதங்கள் சந்தா கட்டியிருந்து நோயில் இறந்தாலும், குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கோ கணவனுக்கோ, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்குப் பொதுவாக 21 வயது வரை, முதல் பட்டம் படித்துக்கொண்டிருந்தால் அதற்கு மேலும். பணம் தானாக வீடு தேடி வராது, விண்ணப்பிக்க வேண்டும். கருமாதி முடிந்த வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையோடு சிரம்பானுக்குப் பஸ் ஏறுகிறாள். பைக்குள் மரணச் சான்றிதழ், இரண்டு அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், பேங்குப் புத்தகம். சொக்சோ அலுவலக முகப்பில் இருப்பவர் கேட்கும் இன்னொரு தாள் அதில் இல்லாமல் போவதுண்டு: திருமணப் பதிவுச் சான்றிதழ்.

1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் சடங்குப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டுவிட்டுப் பதிவை மறந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவளானாலும் சட்டத்தின் முன் மனைவி என்று நிரூபிக்க அலைய வேண்டும். சேமநிதியில் இன்னொரு வழுக்கல்: கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதிவிட்டு, பிறகு வாரிசுதாரர் பெயரைப் புதுப்பிக்காமலே விட்ட ஆண்கள். துக்கம் ஆறுவதற்கு முன் மாமியாரும் மருமகளும் இரண்டு கட்சியாகிவிடுவார்கள்.

விடுப்பும் இப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் வரை வீட்டில் இருப்பது நம் வழக்கம். மலேசிய வேலைச் சட்டத்தில் தனியார் ஊழியருக்குத் துக்க விடுப்பு என்று ஒரு நாள்கூட இல்லை. முதலாளி கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் ஆண்டு விடுப்பிலிருந்து கழியும்.

லயம் கலைந்த பிறகு

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குலை அறுப்பது கனமான வேலை. பெண்களுக்கு மிஞ்சியது உதிரி பொறுக்குவதும் புல்லுக்கு மருந்தடிப்பதும். அறுவடைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். நீலாய், செண்டாயான் பக்கம் தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. கணவன் இடத்தில் மனைவி பெயரைச் செக்ரோலில் ஏற்றும் பழைய வழி அடைபட்டது. லயத்தில் ஒரு வீட்டு விசும்பல் பத்து வீட்டுக்குக் கேட்கும். அடுக்குமாடியின் நான்காம் மாடியில் கதவு சாத்தினால் சாத்தியதுதான்.

உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஷுட் இருவரும் 1999-இல் முன்வைத்த கருத்து இங்கே கவனிக்கத்தக்கது. துணையை இழந்தவர் படிப்படியாக ஏறி ‘குணமாவதில்லை’. காலையில் பில் கட்ட ஓடுகிறார், மத்தியானம் போனவரின் சட்டையைப் பார்த்து உடைகிறார், சாயங்காலம் பிள்ளையின் பள்ளிப்பாடத்தில் உட்காருகிறார். இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே இப்படிப் போய் வருவதே ஆரோக்கியமான மீட்சி என்பது அவர்கள் முடிவு. நிரையில் நின்று அழுதுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தவள் நெஞ்சழுத்தக்காரியும் அல்ல, பலவீனமானவளும் அல்ல.

அதே சமயம், மாதங்கள் ஓடியும் சோறு தண்ணீர் இறங்காமல், வேலைக்கு எழ முடியாமல், ஏக்கம் தணியாமல் இருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது தனி நோயாகவே கணக்கில் எடுக்கிறது. ஆறு மாதம் என்பது அதன் எல்லை. உதவிக்கு அழைக்க மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. தாலியான் காசே உதவி எண் 15999. மனைவியை இழந்த ஆண்களை இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்கள் உடல்நிலை பெண்களைவிட வேகமாகச் சரிவதாகவே பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்து வேளையும் சாப்பாட்டு வேளையும் மனைவி கையில் இருந்த வீடுகளில் சோறு வடிக்கத் தெரியாத அறுபது வயதுக்காரர், ரொட்டியும் தேநீருமாக நாளை ஓட்டிவிடுவார். கேட்டால் பசியில்லை என்பார்.

பாஸ்டனில் 1960-களில் பிலிஸ் சில்வர்மன் ஒரு காரியம் செய்து பார்த்தார். நிபுணர்களுக்குப் பதிலாக, ஏற்கெனவே கணவனை இழந்து நிமிர்ந்த பெண்களைப் புதிதாக இழந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பினார். அது நன்றாகவே பலித்தது. லயத்தில் இதைச் சொல்லிக் கொடுக்காமலே செய்தார்கள். லயம் இல்லாத இடத்தில் யாராவது திட்டம் போட்டுச் செய்ய வேண்டும். கோயில் கமிட்டிகளும் மரண சகாய நிதிக் குழுக்களும் நெகிரி செம்பிலானில் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. சாவு வீட்டில் பந்தலும் சாப்பாடும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதே குழுவில் ஒருவர் சொக்சோ, சேமநிதி பாரங்களை நிரப்பக் கூட உட்காரலாம். சிரம்பானுக்கு அந்தப் பெண்ணோடு ஒருவர் பஸ் ஏறலாம். கூட்டம் கலைந்து மூன்றாவது மாதம் அதே கதவைத் தட்ட, அந்த வழியில் முன்பே நடந்த ஒருத்தியை அனுப்பலாம். பதிவு செய்யாத தம்பதிகளைத் திருவிழா நேரத்தில் பட்டியலெடுத்துப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போவதற்குச் சாவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.