நாற்றைச் சாய்ப்பது தாகமல்ல

முந்தின நாள் வரை பச்சைப் பாயாக நின்ற கத்தரி நாற்று, காலையில் பார்த்தால் திட்டுத் திட்டாகச் சாய்ந்து கிடக்கும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, நசநசவென்று இருக்கும். வெயிலில் வாடிவிட்டது என்று நினைத்து இன்னொரு பூவாளி தண்ணீர் ஊற்றுகிறோம். மறுநாள் மிச்சமிருந்ததும் படுத்துவிடுகிறது.

இதுதான் நாற்றழுகல். பெரும்பாலும் பித்தியம் என்ற, பூஞ்சையைப் போன்ற நுண்ணுயிரின் வேலை. அதன் வித்துகளுக்கு நீந்தத் தெரியும். மண் துகள்களுக்கு நடுவே தேங்கிய நீரில் நீந்திப்போய் இளம் வேரையும் தண்டையும் பிடித்துக்கொள்ளும். நீர் வடிந்துவிட்டால் அவற்றால் அப்படி நீந்திப் பரவ முடியாது. ஆகவே மருந்தைத் தேடுமுன் வடிகாலைப் பாருங்கள். மேட்டுப்பாத்தி 15 சென்டிமீட்டராவது உயரம் இருக்கட்டும். அகலம் ஒரு மீட்டர் போதும். உள்ளே கால் வைக்காமல் களை எடுக்கலாம். விதையைக் கொட்டி நெருக்கமாக விதைத்தால் காற்று புகாது, ஈரமும் காயாது. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நல்ல காப்பு. ஆனால் சேறாய்க் கிடக்கும் பாத்தியில் அதை மட்டும் நம்பிப் பயனில்லை.

குழித்தட்டில் வளர்ப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். மட்கவைக்காத தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும், முளை கருகும். மட்கியதை, அல்லது நன்றாக அலசியதை வாங்குங்கள். நார்க்கழிவு மேலே வெளுத்துக் காய்ந்தது போலத் தெரியும்போதே உள்ளே ஈரம் நிறைய வைத்திருக்கும். கண்ணை நம்பாமல் தட்டைத் தூக்கிப் பாருங்கள்: கனத்தால் காத்திருக்கலாம், லேசானால் ஊற்றலாம். ஊற்றுவதும் காலையில்தான். மாலையில் தெளித்தால் இலையும் தண்டும் இரவெல்லாம் நனைந்தே கிடக்கும்.

நாற்று வெளுத்து, ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்தால் உரம் கேட்கிறது என்று எண்ண வேண்டாம். அது வெளிச்சத்தைத் தேடுகிறது. நிழலைக் குறையுங்கள்.

தக்காளியை 25 நாளில் நடலாம். கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள்வரை ஆகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குங்கள். பாத்தி நாற்றைப் பிடுங்கும் அன்று மட்டும் முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேர் அறுந்த செடி வெயிலைத் தாங்காது. அதனால்தான் வெயில் தாழ்ந்தபின் நடச் சொல்கிறார்கள். நெட்டையான தக்காளி நாற்றைச் சற்று ஆழமாகவே நடலாம், மண்ணுக்குள் போன தண்டிலும் வேர் விடும்.

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இடையில் உச்சிவெயிலில் இலை தொங்கினால் பதறி மடையைத் திறக்காதீர்கள். மறுநாள் விடியலில் போய்ப் பாருங்கள். இலை விறைத்து நின்றால் செடி பிழைத்துவிட்டது. அப்போதும் தொங்கினால்தான் தண்ணீர் வேண்டுமா என்று மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.