வந்து வந்து மறையும் '502': கோளாறு எங்கே இருக்கிறது?

இணையத்தளம் காலையிலிருந்து ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் நாளில் நாலைந்து தடவை, படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியவருக்கு மட்டும் '502 பேட் கேட்வே' என்று வருகிறது. மறுபடி அழுத்தினால் சரியாகிவிடுகிறது. சோதிக்க உட்காரும் தொழில்நுட்பருக்கோ அந்தப் பிழை அகப்படுவதே இல்லை. கடைசியில் 'பயனீட்டாளரின் இணைப்பு சரியில்லை' என்று பழி அவர் தலையில் விழுகிறது.

இது நியாயமில்லை. 502 வந்தாலே, கோரிக்கை பிராக்சி வரை வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். கோளாறு அதற்குப் பின்னால்தான்.

உணவுக்கடையில் உத்தரவு வாங்குபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். வாங்குபவர்தான் பிராக்சி, சமைப்பவர் பின்னால் இருக்கும் சர்வர். ஒவ்வோர் உத்தரவுக்கும் சமையலறைச் சன்னலைத் திறந்து மூடினால் நேரம் வீணாகும். ஆகவே சன்னலைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்கிறார்கள். இதற்குத்தான் 'கீப் அலைவ்' என்று பெயர்.

எவ்வளவு நேரம் திறந்திருக்கும்? இதில்தான் சிக்கல். அப்பாச்சி 2.4 சர்வரில் எதையும் மாற்றாவிட்டால் 5 விநாடி. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸில் பின்சர்வருக்கான கீப் அலைவ் இயங்கினால் 60 விநாடி. சமைப்பவர் சன்னலைச் சாத்தும் அதே கணத்தில் உத்தரவு வாங்குபவர் தாளை நீட்டினால், தாள் மூடிய கதவில் மோதித் திரும்புகிறது. அந்தக் கணம் மிகச் சிறியது. அதனால்தான் பிழை எப்போதாவது வருகிறது. இன்னொரு வேடிக்கை: கூட்டம் அலைமோதும்போது இணைப்பு 5 விநாடி சும்மா இருப்பதே அரிது. பிழை தலைகாட்டுவது பெரும்பாலும் மந்தமான நேரத்தில். சர்வருக்குப் பளு தாங்கவில்லை என்று எண்ணிப் புதுச் சர்வர் வாங்கினால், பணம்தான் போகும்.

பிராக்சியின் பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் துப்பு கிடைக்கும். லினக்ஸில் 111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. பின்னால் சர்வர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். 104 என்றால் மறுமுனை இணைப்பைத் துண்டித்துவிட்டது. 104 விட்டுவிட்டு வந்தால், முதலில் இந்த நேர வித்தியாசத்தைச் சந்தேகிக்கலாம்.

தீர்வு எளிது. பின்சர்வர் காத்திருக்கும் நேரம் பிராக்சியுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்பாச்சியை 65 விநாடிக்கு உயர்த்தலாம். அது வேண்டாமென்றால் என்ஜின்எக்ஸை 4 விநாடிக்குக் குறைக்கலாம். இரண்டில் ஒன்று போதும்.

பக்கம் திறக்கிறது, படிவம் மட்டும் ஏன் தவறுகிறது? சாதாரணப் பக்கக் கோரிக்கை தவறினால் என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் மீண்டும் அனுப்பிவிடும். படிவத்தைச் சுமந்து வரும் 'போஸ்ட்' கோரிக்கையை, 2016இல் வந்த 1.9.13 பதிப்பு முதல், அனுப்பிய பிறகு தானாக மறுபடி அனுப்புவதில்லை. சிலர் பிழை மறைந்தால் போதுமென்று அந்தத் தடையை நீக்கிவிடுகிறார்கள். அந்தப் படிவம் கட்டணம் செலுத்தும் படிவமாக இருந்து, முதல் கோரிக்கையைச் சர்வர் ஏற்கெனவே செயல்படுத்தியிருந்தால், பயனீட்டாளரின் கணக்கில் பணம் இரண்டு முறை கழியும்.